பயனாளி வீட்டுத் தண்ணீர்

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. அங்கே ஒழுக்கம் செவ்வாய்க்கிழமை மதியம் நடக்கும். முதலில் திங்கட்கிழமைதான் நடந்தது. துறைத் தலைவர் முனைவர் நடராசனுக்குத் திங்கட்கிழமைகளில் விழுப்புரத்தில் சொந்த வேலை இருப்பதால் ஒழுக்கத்தை ஒரு நாள் தள்ளி வைத்தார்கள். சமூகப்பணி முதுகலை படிக்கிற பிள்ளைகள் சாப்பிட்ட கையோடு வந்து உட்கார்ந்து, கண்ணைச் சுழற்றும் தூக்கத்தோடு ஒழுக்கத்தைக் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். மணி அடித்ததும் கலைந்து போவார்கள்.

எனக்கும் அந்தக் கல்லூரிக்கும் வாய்க்கால் வரப்புத் தகராறு எதுவும் கிடையாது. ஆனாலும் அங்கே நடந்ததைக் கேட்டதிலிருந்து வயிறு எரிகிறது. எரிச்சலை அடக்கிக்கொண்டு உள்ளதை உள்ளபடி சொல்லப் பார்க்கிறேன். நடுவில் குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடராசன் 'நன்னடத்தைக் கோவை' என்று ஒன்றை எழுதியிருந்தார். களப்பணிக்காகக் கிராமத்துக்குப் போகும் மாணவர்கள் எப்படி நிற்பது, எப்படி வணங்குவது, எவ்வளவு சிரிப்பது என்று எல்லாம் அதில் உண்டு. அதன் உயிர்நாடி ஒரே விதிதான்: பயனாளியிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது. பயனாளி என்றால் யாருக்கு நாம் உதவி செய்யப் போகிறோமோ அவர்.

"ஒரு டம்ளர் தண்ணியில ஆரம்பிக்கும்," என்றார் நடராசன் வகுப்பில். "அப்புறம் காபி. அப்புறம் கோழி. அப்புறம் பாசம். பாசம் வந்துட்டா டாக்குமென்டேஷன் கெட்டுப்போயிடும். நான் இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இதுவரைக்கும் ஒரு பயனாளிகூட என்கிட்ட ஒட்டினதில்ல."

இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஆளுக்கொரு நீலத் தண்ணீர் பாட்டில் கொடுக்கப்பட்டது. அதில் கல்லூரிச் சின்னமும் 'நெறியே உயிர்' என்ற வாசகமும் இருந்தன.

பின் பெஞ்சில் இருந்த வெண்ணிலா பாட்டிலை வாங்கியபோது "அப்பாடா" என்று மூச்சு விட்டாள். விட்ட அடுத்த நொடியே காது சூடாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

வெண்ணிலா கெடார்ப் பெண். அப்பாவுக்குச் சொந்த நிலம், கிணறு, கரும்பு, மல்லாட்டை எல்லாம் உண்டு. களை எடுக்கக் காலனியிலிருந்து வரும் பெண்களுக்கு அவள் அம்மா தோட்டத்துப் பக்கம் நின்று சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். அவர்கள் குனிந்து, இரண்டு கையையும் ஏந்திக் குடிப்பார்கள். சண்டையோ ஏச்சோ ஒன்றும் கிடையாது. "போதுமா, இன்னும் ஊத்தட்டா?" என்று அம்மா பிரியமாகத்தான் கேட்பாள். வெண்ணிலா பிறந்ததிலிருந்து பார்த்தது இதுதான். காலனியில் யார் வீட்டிலும் அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. சமூகப்பணி படிக்கச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு உள்ளுக்குள் ஒரு உதறல் இருந்தது. களப்பணியில் யாராவது டம்ளரை நீட்டினால் என்ன செய்வது? குடிக்க மனசு வருமா? வராவிட்டால் மூஞ்சியை எங்கே கொண்டு போய் வைப்பது? இப்போது முனைவர் நடராசன் புண்ணியத்தில் அந்தக் கவலை தீர்ந்தது. தீர்ந்ததை நினைத்து நிம்மதிப்பட்டோமே என்றுதான் காது சூடானது. பாவம், கெட்ட பெண் இல்லை.

அவளுக்கு ஒதுக்கப்பட்டது பெருமுக்கல் போகிற வழியில் உள்ள ஒரு காலனி. வேலை இதுதான்: அங்கே அமலா என்ற அம்மாவின் மகள் பொன்னி, பத்தாவது நல்ல மார்க்கில் பாஸ் பண்ணியும் பதினொன்றாவது சேராமல் வீட்டில் இருக்கிறாள். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர வைக்க வேண்டும். சேர்க்கை முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன.

முதல் நாள் போனபோது அமலா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வா பாப்பா, வா. இன்னா இம்மாம் வெயில்ல வந்துக்கினு? குந்து, குந்து." பாயை உதறி விரித்தாள். "ஏ பொன்னி, அக்காவுக்கு ஜல்தி தண்ணி கொண்டா. முன்ன குடி பாப்பா, அப்பறம் பேசலாம். இவகிட்ட நீயே சொல்லு. நீ சொன்னா கேப்பா. உன் கழுத்துல கீற கார்டையே பார்த்துக்கினு நிக்கிறா பாரு."

பொன்னி நிஜமாகவே அந்த அடையாள அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரைத் தேய்த்துக் கழுவி, விளிம்பு வரை நிரப்பி, சிந்தாமல் கொண்டு வந்திருந்தாள்.

"வேணாம்க்கா," என்றாள் வெண்ணிலா. "நாங்க வாங்கக் கூடாது."

"கேன் தண்ணிதான் பாப்பா. நேத்துதான் வாங்கனது."

"அதுக்கில்லக்கா. காலேஜ்ல ரூல்ஸு." சொல்லிவிட்டு, தொண்டை வறண்டுபோனதால், பையிலிருந்து நீல பாட்டிலை எடுத்து அவர்கள் எதிரிலேயே குடித்தாள்.

அமலா பாட்டிலைப் பார்த்தாள். பிறகு குடித்தவளைப் பார்த்தாள்.

"எந்த ஊரு நீ?"

"கெடார்க்கா."

"கெடார்ல... ஊர்லியா?"

காலனியா ஊரா என்பதுதான் கேள்வி. "ஊர்லதான்க்கா," என்றாள் வெண்ணிலா. சொல்லும்போதே குரல் உள்ளே போய்விட்டது.

"சரிங்க," என்றாள் அமலா. டம்ளரை வாங்கிப் பொன்னியிடம் திருப்பிக் கொடுத்தாள். "சொல்லுங்கம்மா. இன்னா சேதிங்க?"

அதுவரை பாப்பாவாக இருந்தவள் அந்த நொடியிலிருந்து அம்மா ஆகிவிட்டாள். அதற்குப் பிறகு மேற்படிப்பின் அவசியம் பற்றி வெண்ணிலா நீளமாகப் பேசினாள். "பார்க்கலாங்க" என்று மட்டும் பதில் வந்தது. பொன்னி உள்ளே போனவள் வெளியே வரவில்லை.

களப்பணியை மேற்பார்வை பார்ப்பவர் இளவரசி மேடம். வாரம் ஒரு முறை ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு மனதைத் திறந்து பேசச் சொல்வார். கதவும் திறந்தே இருக்கும்.

"கிளையன்ட் எப்படி ஃபீல் பண்ணாங்க?"

"மூஞ்சி சுண்டிப்போச்சு மேடம்."

"நீ எப்படி ஃபீல் பண்ண?"

"வெக்கமா இருக்கு மேடம். எங்க வீட்டுலயும் நாங்க..."

"வெரி குட்," என்றார் மேடம். "வெக்கத்தை வேஸ்ட் பண்ணாத. 'சுய விழிப்புணர்வு'ன்னு தலைப்புப் போட்டு ஒரு பக்கம் எழுது. அதுக்கு அஞ்சு மார்க் இருக்கு. போன வருஷம் ஒரு பையன் ரெண்டு பக்கம் வெக்கப்பட்டான், அஞ்சுக்கு அஞ்சு குடுத்தேன்."

"மேடம், அந்தம்மா என்னைத் தப்பா நெனச்சிட்டாங்க. ஒரு வாய் குடிச்சிருந்தா..."

"குடிச்சிருந்தா நீ இங்க உக்காந்திருக்க மாட்ட. ரிப்போர்ட்ல என்ன எழுதின? பாயில உக்காந்தியா?" மேடம் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "பாய் யாரோடது?"

இந்தக் கேள்வி துறைக் கூட்டத்துக்குப் போயிற்று. பாய் என்பது பொருளா, சேவையா என்று ஒரு மதியம் முழுக்க விவாதம். உட்காருவதும் ஒருவகைப் பெறுதலே என்று நடராசன் தீர்ப்புச் சொன்னார். மறுவாரம் மாணவர்கள் எல்லோருக்கும் மடக்கு ஸ்டூல் வழங்கப்பட்டது. ஸ்டூலை அமலா வீட்டு வேப்பமரத்தடியில் போட்டு வெண்ணிலா உட்கார்ந்ததாக அடுத்த ரிப்போர்ட்டில் வந்தது. மரம் யாருடையது, நிழல் யாருடையது என்று மறுபடியும் கூட்டம். ஆளுக்கொரு குடை வந்தது.

ஆக, சமூக மாற்றத்துக்காகக் காலனிக்குள் நுழைந்த அந்தப் பிள்ளைகள் ஒரு கையில் ஸ்டூல், ஒரு கையில் குடை, தோளில் தங்கள் தண்ணீர் என்று வரிசையாக நடந்து போனார்கள். சுவரில் சாயக் கூடாது, படியில் உட்காரக் கூடாது, எதையும் தொட்டு வாங்கக் கூடாது. நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. இதை யோசித்து யோசித்து எழுதியவர் சமூகப்பணியில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

காலனிக்காரர்கள் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு தண்ணீர் வேணுமா என்று கேட்பதை நிறுத்தினார்கள். பிறகு பாய் விரிப்பதை நிறுத்தினார்கள். கடைசியில் ஸ்டூல் வருவது தெரிந்தாலே கதவைச் சாத்தினார்கள். "பயனாளிகளிடம் தொழில்முறை எல்லைகள் குறித்த விழிப்புணர்வு கணிசமாக உயர்ந்துள்ளது" என்று துறை அறிக்கை எழுதியது.

ஒரு நாள் நடராசனே மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நேரில் பார்வையிட வந்தார். வேன் காலனிக்கு முன்னால் நிற்காமல் சாலையைத் தாண்டி ஊருக்குள் போய், ஊராட்சித் தலைவர் மாரியப்பன் வீட்டு வாசலில் நின்றது. மாரியப்பன் எல்லோருக்கும் இளநீர் வெட்டினார். நடராசன் ஒன்று குடித்தார், வழுக்கையையும் சுரண்டித் தின்றார், பிறகு இன்னொன்றையும் வாங்கினார். சோபாவில் நன்றாகச் சாய்ந்தும் உட்கார்ந்தார். வெண்ணிலாவின் கையிலும் ஒரு இளநீரைத் திணித்தார்கள்.

"சார், இது வாங்கலாமா சார்?"

"தாராளமா. இவர் பயனாளி இல்லம்மா, ஸ்டேக்ஹோல்டர். ஸ்டேக்ஹோல்டர் வீட்டுல வேணாம்னா அவமரியாதை ஆயிடும்."

"அப்ப அவங்களுக்கு?"

"யாருக்கு?"

"அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு சார்."

"அவங்க பயனாளி," என்றார் நடராசன், ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுக்காமலே.

சாலைக்கு இந்தப் பக்கம் இருந்தால் ஸ்டேக்ஹோல்டர், அந்தப் பக்கம் இருந்தால் பயனாளி. கெடாரில் அவள் அம்மாவுக்கு இந்த இரண்டு வார்த்தையும் தெரியாது, ஆனால் கணக்கு அதேதான். வாயில் இருந்த இளநீரை வெண்ணிலா துப்பவும் முடியாமல் விழுங்கித் தொலைத்தாள்.

இந்தச் சமயத்தில் அவள் வகுப்புத் தோழன் இனியவன் மாட்டினான். அவனை அனுப்பியிருந்த காலனியில்தான் அவன் சொந்தச் சித்தியைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சித்தி கேப்பைக் கூழ் கொடுத்தாள். பையன் குடித்துவிட்டான். யாரோ போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். விசாரணைக் குழு கூடியது. மாரியப்பன் கொடுத்தனுப்பிய இளநீரைக் குடித்துக்கொண்டே விசாரித்தார்கள்.

"கூழ் எவ்வளவு?"

"ஒரு சொம்பு சார்."

"தொட்டுக்க?"

"வெங்காயம் சார். ஒரு மோர் மொளகா."

"அது தனிக் குற்றச்சாட்டு," என்றார் நடராசன்.

"சார், அவங்க என் சொந்தச் சித்தி சார். கூடப் பொறந்த அக்கா பையன் வந்தா ஊத்தாம இருப்பாங்களா?"

"அது உன் பார்வை. நம்ம ரெக்கார்டுல அவங்க பயனாளி."

களப்பணி நேரத்தில் மேற்படி பெண்மணி எனக்குச் சித்தி அல்ல என்று முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்தால் மன்னிக்கப்படும் என்று முடிவானது. இனியவன் எழுதிக் கொடுத்தான். கொடுக்காவிட்டால் ஒரு வருடம் போய்விடும். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது வராந்தாவில் வெண்ணிலா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னாத்துக்கு அழுவுற?" என்றான் அவன். "சித்தி போனது எனக்கு."

அவள் அழுததற்கு வேறு காரணமும் இருந்தது. அன்று காலைதான் அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள்: இந்த ஆண்டின் சிறந்த நன்னடத்தை மாணவி, வெண்ணிலா. தண்ணீரை முதன்முதலில் மறுத்துக் கல்லூரிக்கு வழிகாட்டியவள் அவள்தானாம். விழாவில் விருது மட்டும் இல்லை, மேடையில் செயல்விளக்கமும் உண்டு. தண்ணீரை நெறிப்படி எப்படி மறுப்பது என்று அவள் செய்து காட்ட வேண்டும். தண்ணீர் கொடுப்பதற்கு நிஜமான பயனாளியே வருவார்.

அமலாவைக் கல்லூரி வேனில் கூட்டி வந்தார்கள். காலையிலிருந்து ஒத்திகை. "அம்மா, நீங்க டம்ளரை நீட்டணும். அவங்க கை கூப்பி வேணாம்பாங்க. நீங்க சந்தோஷமாத் தலையாட்டணும்" என்று இளவரசி மேடம் சொல்லிக் கொடுத்தார். அமலா மேடையின் ஓரத்தில் சிவப்புச் சேலையில் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வெண்ணிலா முன் வரிசையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணை ஊரைக் கூட்டி இன்னொரு தரம் அவமானப்படுத்த வேண்டும், அதற்கு எனக்கு ஒரு விருது. சீ! நாளை மறுநாள் பதினொன்றாவது சேர்க்கை முடிகிறது. பொன்னி இன்னும் சேரவில்லை. வாங்கிக் குடித்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். விருது போகட்டும், வருடம் போகட்டும். அப்பா திட்டட்டும். எல்லார் முன்னாலும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அமலாக்கா கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேடையேறினாள். அமலா டம்ளரை நீட்டினாள். வெண்ணிலா கை கூப்பவில்லை. இரண்டு கையையும் நீட்டினாள்.

அமலா டம்ளரைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்கம்மா," என்றாள் மெதுவாக. "குடிச்சா உங்க மார்க்கு போயிடும்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. உண்மையான கரிசனத்தோடுதான் சொன்னாள். மைக் பக்கத்தில் இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது. உடனே நடராசன் எழுந்து கை தட்ட, எல்லோரும் எழுந்து தட்டினார்கள்.

"பார்த்தீர்களா!" என்றார் நடராசன், தழுதழுத்த குரலில். "மாணவி சற்றுத் தடுமாறினாலும், பயனாளியே முன்வந்து விதியைக் காப்பாற்றுகிறார்! நாங்கள் அவர்களிடமிருந்து எதையும் வாங்கவில்லை. இப்போது அவர்களாகவே எதையும் தர முன்வருவதில்லை. அந்தக் காலனியில் இன்று ஒரு கதவுகூட எங்களுக்காகத் திறப்பதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். இதைவிட ஒரு சமூகப்பணித் துறை என்ன சாதித்துவிட முடியும்?"

அதற்கும் கை தட்டினார்கள். தடுமாறியதற்காக அரை மார்க் குறைத்து வெண்ணிலாவுக்கு விருதைக் கொடுத்தார்கள். சிறப்பு விருந்தினராக வந்திருந்த மாரியப்பனுக்குச் சால்வை போட்டார்கள். அமலாவை வேனில் கொண்டு போய்ச் சாலையிலேயே இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் வெண்ணிலா தனியாகப் போனாள். அட்டை இல்லை, ஸ்டூல் இல்லை, குடை இல்லை, பாட்டிலும் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து, சாத்தியிருந்த கதவைத் தட்டினாள்.

"அக்கா, நான்தான்."

அமலா கதவைத் திறந்தாள். நிலைப்படியிலேயே நின்றாள். "வாங்கம்மா. இன்னாங்க, இன்னிக்கு லீவுதானே?"

"பொன்னி எங்கக்கா? நாளைக்குத்தான் கடைசி நாள். நானே கூட்டிக்கிட்டுப் போய்ச் சேத்துடறேன்."

"அவ வேலைக்குப் போய்ட்டாங்க. திண்டிவனத்துல, துணிக்கடைல. நேத்திலேர்ந்து போறா."

"அக்கா, அவ நல்லாப் படிக்கிற பொண்ணு..."

"நானும் சொன்னேங்க. கேக்கல. 'அந்தக்கா மாதிரி கார்டு மாட்டணும்னு ஆச பட்டியேடி'ன்னேன். 'படிச்சா அப்புடித்தான் ஆவணும்னா எனக்கு வேணாம்மா'ன்னுட்டா." அமலா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கடைல ஒரே கேன்ல, ஒரே டம்ளர்ல எல்லாரும் குடிக்கிறாங்களாம். வந்து அதத்தான் சொன்னா."

வெயில் மண்டையைப் பிளந்தது. வெண்ணிலா என்ன சொன்னாலும் இனி அது ரிப்போர்ட்டில் எழுதுகிற மாதிரிதான் இருக்கும்.

"அக்கா," என்றாள் கடைசியாக. "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா."

அமலா உள்ளே போனாள். சொம்பில் தண்ணீரோடு வந்தாள். டம்ளர் எடுத்து வரவில்லை.

"டம்ளரத் தொட்டா உங்களுக்கு எதுனா பேஜாரு ஆயிடப் போவுது. ரூல்ஸு மாத்தலியே," என்றாள். "கைய ஏந்துங்க. நான் ஊத்தறேன்."

குத்திக் காட்டினாளா, நிஜமாகவே கவலைப்பட்டாளா என்று எனக்குத் தெரியாது. வெண்ணிலாவுக்கும் தெரியவில்லை. அவள் படிக்குக் கீழே குனிந்தாள். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. தோட்டத்துப் பக்கம் எத்தனையோ பேர் பிடித்ததைப் பார்த்தவள்தானே. அமலா மேலிருந்து ஊற்றினாள். பாதி விரலிடுக்கில் ஒழுகி, தாடையில் வழிந்து, சட்டையை நனைத்தது. மீதியை அவள் குடித்தாள்.

"போதுங்களா?" என்று பிரியமாகக் கேட்டாள் அமலா. "இன்னும் ஊத்தட்டுங்களா?"